எல்வினிடம் உன்னைக் கூட்டிப்போன நாள்

அபி,

நீயும் அம்மாவும் சாமான் வாங்கச் சூரிச்சுக்குப் போயிருக்கிறீர்கள். நீ போகப்போகிற இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்தில் மிளகாய்த்தூளே கிடைக்காது என்பதுபோல அம்மா ஒரு நீளப் பட்டியல் எழுதிக்கொண்டு போனாள். லாங்ஸ்ட்ராசவில் இரண்டு கடை ஏறி இறங்கி, காணுகிறவர்களோடெல்லாம் நின்று கதைத்து, ட்ராமும் ரயிலும் பிடித்து டீட்டிகோனுக்குத் திரும்பி வர எப்படியும் மூன்று மணித்தியாலம் எடுக்கும். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று குசினி மேசையில் இருக்கிறேன். நேரே சொல்லலாம்தான். சொல்லத் தொடங்கினால் நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் வேறு கதைக்குத் தாவிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை நீ போகிறாய். ஒரு வருடப் படிப்பு. அதோடு அங்கே ஒரு பெண்கள் அணியில் விளையாட்டு. அதுவும் இவ்வளவு காலமும் இங்கே நாட்டு அணிவரை போய் நீ ஆடிய பதினைந்து பேர் றக்பி இல்லை, பதின்மூன்று பேர் ஆடும் மற்ற றக்பி. "எல்வின் செய்ததைத்தான் நானும் செய்யப்போறன் அப்பா" என்று போன கிழமை சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டு சொன்னாய். நான் சிரிக்கவில்லை. நீ அதைக் கவனித்தாய், ஏனென்று கேட்கவில்லை. அந்தக் கேட்காத கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். பழைய வீரர் ஒருவர் உன்னைக் கண்டால் சந்தோஷப்படுவார் என்பதற்காக உன்னை அவரிடம் கூட்டிப்போனேன் என்று இன்றுவரை நீ நினைத்திருக்கிறாய். நான்தான் அப்படிச் சொன்னேன். அது பொய். எல்வினின் மனைவி றூத்துக்கு அது தெரியும். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்கள். மற்றத் தாய்தகப்பன்மார் வாசித்தாலும் எனக்குப் பரவாயில்லை" என்றார். ஆகவே இதை நீ யாருக்குக் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை.

நீ உதைபந்தாட்டம் ஆடியபோது நான் சனிக்கிழமைகளில் எங்கேயும் போகமாட்டேன் என்பது உனக்கு நினைவிருக்கும். மைதானத்தின் ஓரத்தில் மடக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணிப் போத்தலோடு இருப்பேன். மண்டபத்தில் கலியாணவீட்டுக்குப் போனாலும் உன் கோல்களைப் பற்றித்தான் கதை. பதினாறு வயதில் ஒருநாள் வந்து, "அப்பா, நான் உதைபந்தை விடப்போறன். றக்பி ஆடப்போறன்" என்றாய். "அது ஆம்பிளையளின்ரை விளையாட்டெல்லோ?" என்றேன். "பொம்பிளையளுக்கும் அணி இருக்கப்பா." "இருந்தால்? பல்லு உடைஞ்சால் ஆர் கட்டித் தாறது?" நீ அம்மாவைப் பார்த்தாய். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு என் விருப்பமில்லாமலே நீ போனாய். நான் தடுக்கவுமில்லை. தடுக்காமல் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதுதான் எனக்குக் கைவந்த வேலை.

உன் முதல் ஆட்டத்துக்கு வந்தேன். மழை பெய்து நிலம் சேறாகிக் கிடந்தது. நான் வேலியோரத்தில் நின்றேன். பேர்ண் பக்கத்து அணியில் உன்னைவிட இரண்டு மடங்கு பெரிய பிள்ளை ஒருத்தி உன் இடுப்பில் பிடித்துத் தூக்கி நிலத்தில் போட்டாள். அந்தச் சத்தம் வேலிவரை கேட்டது. நீ எழும்பினாய். பல்லெல்லாம் சேறு. சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. இடைவேளையில் வந்து, வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போக வேண்டும் என்றேன். அன்று எனக்கு வேலை இல்லை. அல்ற்ஸ்டெற்றன் ஸ்டேஷன் மேடையில் கிடந்த மரவாங்கில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதன்பிறகு உன் ஆட்டம் ஒன்றுக்கும் நான் வரவில்லை. நாட்டு அணியின் சட்டையை நீ முதல்முதல் போட்ட நாளிலும் அம்மாதான் வந்தாள். என்னை நீ கேட்கவும் இல்லை.

பத்தொன்பது வயதில் உனக்குத் தலையில் முதல் அடி விழுந்தது. உன் அணித்தலைவி போன் எடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ கட்டிலில் சாய்ந்திருந்து, "அப்பா, நாங்கள் வெண்டனாங்களோ?" என்று கேட்டாய். தோற்றுவிட்டீர்கள் என்று பக்கத்தில் நின்ற அந்தப் பிள்ளை சொன்னாள். இரண்டு நிமிடம் கழித்து அதே குரலில், "அப்பா, நாங்கள் வெண்டனாங்களோ?" என்றாய். மூன்றாம் தரமும் கேட்டாய். மூளை குலுங்கியிருக்கிறது, மூன்று கிழமை ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம் என்றார் டொக்டர். நல்லபடியாகத்தான் சொன்னார். காரில் வரும்போது நான் உனக்குச் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். "இன்னொருக்காத் தலையிலை அடிபட்டால் அண்டையோடை உந்த விளையாட்டு முடிஞ்சுது. விளையாட்டுச் சப்பாத்தை நானே கொண்டுபோய்க் குப்பையிலை போடுவன். விளங்கிச்சோ?" நீ கண்ணாடிப் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றாய். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் விட்ட பிழைகளில் அந்த வசனந்தான் பெரியது. அது எனக்கு விளங்க வருடங்கள் எடுத்தன. விளங்கப்படுத்தியவர்கள் எல்வினும் றூத்தும்.

நான் வேலைசெய்யும் முதியோர் இல்லத்துக்கு எல்வின் வந்தது ஓர் இலையுதிர் காலத்தில். வேல்ஸ்காரர், எண்பதை நெருங்கிய வயது. இன்னமும் கதவை அடைக்கிற தோள். கசக்கி எறிந்த கடதாசி மாதிரி ஒரு காது. விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்தன. மறதி நோய் நன்றாக முற்றிவிட்டிருந்தது. காலையில் கழுவி உடுப்பு மாற்ற ஒருவரையும் கிட்ட விடமாட்டார். முதல் கிழமையே என் தாடையில் ஒன்று விட்டார். பிறகு தற்செயலாக ஒரு நாள் என் அரைகுறை இங்கிலிஷில், "சனிக்கிழமை, எல்வின். ஆட்டம் இருக்கு" என்றேன். சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கித் தந்தார், சட்டை போட. அன்றிலிருந்து எல்லா நாளும் எங்களுக்குச் சனிக்கிழமைதான்.

றூத் இந்த ஊர்க்காரர். நாள்தோறும் பதினொரு மணிக்கு வந்து, எல்வினுக்குத் தானே சாப்பாடு தீத்துவார். ஒரு கரண்டிக்கும் மற்றக் கரண்டிக்கும் நடுவில் எனக்கு அவருடைய கதையைச் சொல்வார். எல்வினின் தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அந்தப் பள்ளத்தாக்கு ஊர்களில் சனிக்கிழமை என்றால் பதினைந்து பேர் றக்பிதான். யாரும் காசு வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. கிழமை முழுக்கச் சுரங்கத்திலும் இரும்பு ஆலையிலும் வேலை, சனிக்கிழமை விளையாட்டு. எல்வின் ஓரத்தில் ஓடுகிறவர். இருபத்திரண்டு வயதில் வேல்ஸுக்காக ஆடக் கூப்பிட்டார்கள். சிவப்புச் சட்டை வந்த நாளில் தகப்பன் அதைக் கையால் தொடவில்லையாம். கை கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனவர், கரி போகவில்லை என்று திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாராம். ஊர்க் கழகத்தின் சுவரில் எல்வினின் படத்தை மாட்டினார்கள். கடைக்காரர் இறைச்சிக்குக் காசு வாங்கவில்லை.

நாலு தரம் அந்தச் சட்டையைப் போட்டார். பிறகு தகப்பனுக்கு நெஞ்சில் கரித்தூசி அடைத்து வேலை போய்விட்டது. அந்த நேரம் பார்த்து இங்கிலாந்தின் வடக்கிலிருந்து ஒருவர் வந்து வீட்டு முன்னறையில் இருந்தார். அங்கே ஆடுவது பதின்மூன்று பேர் றக்பி. சம்பளம் உண்டு. ஆனால் ஒரு சதம் வாங்கினாலும் பழைய விளையாட்டுக்குத் திரும்ப முடியாது. மைதானத்துக்கு மட்டுமில்லை, கழகக் கட்டடத்துக்குள்ளும் கால் வைக்க முடியாது. எல்வின் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் கழகச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றிவிட்டார்கள். தகப்பன் கோபிக்கவில்லை. "எனக்காகத்தானே செய்தாய். அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கு" என்று மட்டும் சொன்னாராம்.

இரண்டு வருடத்தில் தகப்பன் செத்துப்போனார். சவ அடக்கம் முடிந்து ஊர்ச்சனம் முழுக்கக் கழக மண்டபத்துக்குத்தான் தேத்தண்ணிக்குப் போனது. வேறு பெரிய மண்டபம் அந்த ஊரில் இல்லை. எல்வின் வாசல்வரை வந்தார். வாசலில் நின்றவன் அவரோடு ஒன்றாகப் படித்தவன். "எல்வின், உனக்குத் தெரியும்தானே" என்றானாம். எல்வின், "ஓம், தெரியும்" என்றாராம். மழைக்குள் கறுப்புக் கோட்டோடு சுவரோரம் நின்றார். கொஞ்ச நேரத்தில் தாய் ஒரு தட்டில் பாணும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் கொண்டு வெளியே வந்தார். தாயும் உள்ளே திரும்பிப் போகவில்லை. தகப்பனின் அடக்கத்தன்று தாயும் மகனும் அந்தச் சுவரோடு நின்று சாப்பிட்டார்கள். இதைச் சொல்லும்போது றூத் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எல்வின் வாயைத் திறந்தபடி அடுத்த வாய்க்குக் காத்திருந்தார்.

புதிய விளையாட்டிலும் அவர் மேலே வந்தார். அதிலும் வேல்ஸுக்காக ஆடினார். இரண்டு விளையாட்டிலும் நாட்டுச் சட்டை போட்டவர்கள் கொஞ்சப் பேர்தான் என்று றூத் சொன்னார். அந்த ஆட்டத்தைப் பார்க்க ஊரிலிருந்து தாய் மட்டும் தனியே பஸ் பிடித்து வந்தாராம். றூத்தை அவர் கண்டது ஆஸ்பத்திரியில். தாடை உடைந்து கம்பி கட்டிக் கிடந்தார். றூத் அங்கே தாதியாக வேலைக்குப் போயிருந்தவர். "ஆறு கிழமை அவர் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் கட்டினேன்" என்று சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகள் இல்லை. விளையாட்டு முடிந்தபின் இரண்டு பேரும் இங்கே வந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் எல்வின் இருபது வருடம் உடற்பயிற்சி படிப்பித்தார். காலம் மாறிப் பதினைந்து பேர் றக்பியிலும் சம்பளம் வந்தது, பழைய தடையெல்லாம் போனது. கன வருடம் கழித்து ஊர்க் கழகம் அவரை விருந்துக்குக் கூப்பிட்டது. படத்தைத் திரும்ப மாட்டியிருந்தார்கள். எல்லோரும் கைதட்ட, அவர் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு றூத்தின் காதுக்குள், "இந்தப் பொடியன் ஆர்?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் றூத்துக்கு நோய் தெரியவந்தது.

தலையில் விழுந்த அடிகளும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று டொக்டர் சொன்னதை றூத் என்னிடம் சொன்னார். அந்த ஒரு வசனத்தை நான் பிடித்துக்கொண்டேன். மற்றதெல்லாம் எனக்குக் கேட்கவில்லை, அபி. என் பிள்ளைக்கு இந்த மனிதனைக் காட்ட வேண்டும், காட்டினால் விட்டுவிடுவாள் என்ற ஒரே நினைப்பு. "எங்கடை இல்லத்திலை ஒரு பழைய றக்பிக்காரர் இருக்கிறார். உன்னைக் கண்டால் சந்தோஷப்படுவார். ஒருக்கா வாறியோ?" என்று கேட்டேன். நீ உடனே ஓம் என்றாய். உன் விளையாட்டைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி எத்தனை வருடம்! உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தும் நான் கதையை மாற்றவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு வரச் சொன்னேன். ஏன் நாலு மணி என்று உனக்குத் தெரியாது. எல்வினின் மிகமோசமான நேரம் அதுதான். வெளிச்சம் சரியத் தொடங்கினால் பயம் பிடித்துவிடும். கதவைத் தேடுவார், அழுவார், உடுப்போடு சலம் போய்விடும். வழக்கமாக மூன்றரைக்கே நான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, சேர்ட்டு மாற்றி, தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விடுவேன். அப்படிச் செய்தால் அவர் அமைதியாக இருப்பார். அன்று நான் தேத்தண்ணி கொடுக்கவில்லை. தோட்டத்துக்குக் கூட்டிப்போகவில்லை. முகமும் மழிக்கவில்லை. என்னை நம்பி ஒப்படைத்த மனிதனை, உனக்குக் காட்டுவதற்காக, அப்படியே விட்டுவைத்தேன்.

நீ அணியின் ஜக்கெற்றோடு, கையில் பந்தோடு வந்தாய். எல்வின் அறைகளுக்கு நடுவிலுள்ள ஓடையின் கடைசிக் கதவின் பிடியை இழுத்துக்கொண்டு, உள்ளே விடுகிறார்கள் இல்லை, உள்ளே விடுகிறார்கள் இல்லை என்று இங்கிலிஷில் அழுதார். களிசான் நனைந்திருந்தது. நான் தள்ளி நின்று உன் முகத்தைத்தான் பார்த்தேன். நீ பயந்து பின்வாங்குவாய் என்று காத்திருந்தேன். நீ கிட்டப் போனாய். வணக்கம் சொன்னாய். அவர் திரும்பவில்லை. பந்தை அவர் கைக்குக் கிட்ட நீட்டினாய். கதவுப் பிடியை விட்டுவிட்டு அதை வாங்கினார். அழுகை நின்றது. கால் இரண்டையும் அகட்டி வைத்து, இடுப்பிலிருந்து சுழற்றி உனக்கு எறிந்தார். நீ பிடித்துத் திருப்பி எறிந்தாய். ஏழெட்டுத் தரம் பந்து அந்த ஓடையில் போய் வந்தது. மற்ற வயதாளிகள் கதவுகளில் வந்து நின்று பார்த்தார்கள்.

பிறகு பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உன்னைக் கேட்டார். "சனிக்கிழமை ஆடுகிறாயா?" ஓம் என்றாய். "தலை எப்படி?" என்றார். நீ கொஞ்சம் தயங்கினாய். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். "தலைக்கு ஒன்றுமில்லை" என்றாய். எல்வின் கண்ணைச் சிமிட்டினார். "நல்லது. அவர்களுக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும்" என்றார். உன் முகம் வெளிறிப்போனது. அது ஏனென்று அன்று எனக்கு விளங்கவில்லை. ரயிலில் நீ கண்ணாடியில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டு வந்தாய். உனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் சந்தோஷப்பட்டேன். காரியம் சரிவந்துவிட்டது என்று நினைத்தேன். பிள்ளை அழ, தகப்பன் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு றூத் வந்தார். கோட்டைக் கழற்றாமலே என்னிடம் வந்தார். முதல் நாள் நடந்ததைப் பக்கத்து அறை மனுஷி அவருக்குச் சொல்லிவிட்டிருந்தார். "நாலு மணிக்கு அவர் நனைந்த களிசானோடு நின்றாராம். ஏன் தோட்டத்துக்குக் கூட்டிப்போகவில்லை?" மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அந்த முகத்துக்கு முன்னால் என்னால் ஏலவில்லை. மகள் றக்பி ஆடுகிறாள், அவளைப் பயப்படுத்துவதற்காக அப்படி விட்டேன் என்று சொன்னேன். றூத் எல்வினுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். "ஐம்பது வருடம் என் புருஷன். அவரை நீங்கள் விளம்பரப் பலகை ஆக்கிவிட்டீர்கள்" என்றார். மேலிடத்தில் சொல்லி என் வேலையை எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டார். பிறகு வேறொரு குரலில் கேட்டார். "உங்கள் மகளுக்கு நீங்கள் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? அடிபட்டால் என்ன செய்வேன் என்று?" காரில் வைத்துச் சொன்னதைச் சொன்னேன். றூத் எல்வினின் பக்கம் திரும்பி, அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நானும் சொன்னேன். கட்டின புதிதில் ஒருநாள் அவரை மைதானத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். இன்னொரு தடவை நினைவில்லாமல் விழுந்தால் நான் சுவிஸுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒரு தடவையும் விழவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய அணிக்காரர் ஒருவர் விருந்தொன்றில் குடித்துவிட்டுச் சொன்னார், எத்தனை தரம் அவரைக் குளியலறையில் இருத்தித் தண்ணீர் ஊற்றி எழுப்பினார்கள் என்று. எழும்பி முதலில் கேட்பாராம், றூத்துக்குச் சொல்லவில்லையே என்று. நான் ஒரு தாதி. சொல்லியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கும்." எல்வின் அவருடைய விரலிலிருந்த மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். "வீட்டுக்குப் போய் மகளிடம் கேளுங்கள்" என்றார் றூத். "நின்றுகொண்டு கேட்காதீர்கள். ஒரு கதிரையில் இருந்து கேளுங்கள்."

அன்று நான் வந்தபோது நீ இந்தக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாய். நான் கதிரையில் இருந்தேன். "பிள்ளை, உனக்குப் பிறகும் தலையிலை அடிபட்டதோ?" என்று கேட்டேன். கத்தி நின்றுவிட்டது. "ஆர் சொன்னது?" "ஒருத்தரும் சொல்லேல்லை. நான் கேக்கிறன்." "கோவிக்கமாட்டியளோ?" "இல்லை" என்றேன். "ஜெனீவா ஆட்டத்திலை. மாசியிலை." "மாசியிலை உனக்குக் காய்ச்சலெல்லோ?" "காய்ச்சல் இல்லையப்பா."

ஐந்து நாள் நீ யன்னல்சீலையை இழுத்து மூடிவிட்டு இருட்டுக்குள் கிடந்தாய். வெளிச்சம் பார்க்க ஏலாமல். காய்ச்சல் என்று நம்பி நான் மல்லி அவித்துக் கொண்டுவந்து தந்தேன். மூன்று நேரமும். கட்டில் விளிம்பில் இருந்து, முழுக்கக் குடி, வேர்த்தால் விட்டுவிடும் என்றேன். நீயும் குடித்தாய். குடித்துவிட்டுச் சத்தி எடுத்தாய். ஆறாம் நாள் பயிற்சிக்குப் போனாய், அடுத்த சனிக்கிழமை ஆடவும் ஆடினாய். ஏனென்றால் ஓய்வு கேட்டால் டொக்டரின் கடிதம் வீட்டுக்கு வரும், அப்பா சப்பாத்தைக் குப்பையில் போடுவார். முதியோர் இல்லத்தில் வயதாளிகளின் கண்ணைப் பார்த்தே அவர்களுக்கு என்ன என்று சொல்லக்கூடிய ஆள் நான். சொந்தப் பிள்ளை சுவருக்கு அப்பால் அப்படிக் கிடந்திருக்கிறாள். எனக்குத் தெரியவிடாமல் செய்தது நீ இல்லை, நான்.

நான் கோவிக்கவில்லை. பல்கனிக்குப் போய் நின்றேன், அம்மா வந்து கூப்பிடும்வரை. அதன்பிறகு நடந்தது உனக்குத் தெரியும். சேர்ந்து டொக்டரிடம் போனோம். எட்டு மாதம் நீ ஆடவில்லை. அவர் சரியென்று சொன்ன பிறகுதான் திரும்பப் போனாய். நீயாக விட்டுவிடுவாய் என்று அந்த எட்டு மாதமும் நான் உள்ளுக்குள் கும்பிட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த எட்டு மாதத்தில் நீ ஞாயிற்றுக்கிழமைகளில் எல்வினிடம் வந்தாய். நான் கூப்பிடவில்லை. மூன்றரைக்கு நான் தேத்தண்ணி கொடுப்பேன், நீ தோட்டத்துக்குக் கூட்டிப்போவாய். றூத் என்னை மன்னித்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு நாள் எனக்கும் ஒரு கேக் துண்டு கொண்டுவந்து தந்தார். போன தை மாதம் எல்வினுக்கு நெஞ்சுச்சளி பிடித்தது. கடைசிக் காலையில் நான்தான் முகம் துடைத்தேன். சனிக்கிழமை என்று சொல்லிப் பார்த்தேன். கை எழும்பவில்லை. சேமக்காலையில் அவருடைய சாம்பலைப் புதைக்கப் பதினொரு பேர் நின்றோம். றூத் சாம்பல் கலசத்தை உன்னைத் தூக்கச் சொன்னார். நீ இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு அடி ஒரு அடியாக, பனிக்குள் நடந்தாய். உன் பின்னால் வந்துகொண்டிருந்த எனக்கு, இந்தப் பிள்ளையை எதற்காக இவ்வளவு காலமும் பார்க்காமல் விட்டேன் என்று இருந்தது.

அபி, உன் விளையாட்டு எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. இனியும் பிடிக்குமென்று நினைக்கவில்லை. நீ விழுவதைப் பார்க்க என்னால் ஏலாது. ஆனாலும் அங்கே உன் முதல் ஆட்டத்துக்கு வரலாமென்று லீவு கேட்டிருக்கிறேன். இடைவேளையோடு போய்விடமாட்டேன். இரண்டாம் பாதியில் கண்ணை மூடிக்கொண்டாவது நிற்பேன். அம்மா வரமாட்டாளாம், ரிக்கற் விலை கூடவாம். அவளை நீ கதைத்துச் சம்மதிக்க வை.

புத்திமதி என்று என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. இருந்தாலும் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்றைக் கேட்கிறேன். தலையில் அடிபட்டால், எவ்வளவு சின்ன அடியாக இருந்தாலும், ஆட்டத்தை நிறுத்திவிட்டு டொக்டரிடம் போ. அதற்குப் பிறகு எனக்குப் போன் எடு. வேலை நேரமென்றாலும் எடு, நான் போனைச் சட்டைப்பைக்குள் வைத்திருப்பேன். அம்மாவுக்குச் சொல்லி அம்மா எனக்குச் சொல்லுகிற வேலை வேண்டாம். நேரே எனக்கு. எப்படி இருக்கு, பக்கத்தில் ஆர் நிற்கினம், டொக்டர் என்ன சொன்னவர் என்று மூன்று கேள்விதான் கேட்க நினைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் அவற்றை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தச் சமயத்தில் கத்தமாட்டேன் என்று சத்தியம் பண்ண எனக்குத் தைரியமில்லை. பயந்தால் நான் கத்துகிறவன், அது உனக்குத் தெரியும். திரும்பவும் சப்பாத்து, குப்பை என்று ஏதும் வாயில் வந்துவிடும். வந்தால் அதை நம்பாதே. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள், ஆனால் வைத்துவிடாதே. நான் கத்தி முடிப்பேன். மூச்சு வாங்குவேன். பிறகு ஒரு கதிரையைத் தேடி அதில் இருப்பேன். அப்போது சொல்லு.

அப்பா